அழைத்துப் போகிறவர்கள் பதில் சொல்ல வேண்டும்

சென்னையிலும் பெங்களூரிலும் வெள்ளிக்கிழமை இரவு வேனில் ஏற்றுகிறார்கள். சனிக்கிழமை விடியலில் மலையடிவாரம், பகலெல்லாம் ஏற்றம், இரவு கூடாரம், நெருப்பு, பாட்டு. ஞாயிறு இரவு மறுபடி வீடு. இதற்கான விளம்பரங்களை இன்ஸ்டாகிராமில் தொடர்ந்து பார்த்து வருகிறோம். கட்டணம் எவ்வளவு, சாப்பாட்டில் அசைவம் உண்டா, டிரோனில் படம் எடுத்துத் தருவார்களா என்பதெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த மலையில் யானை நடமாட்டம் உண்டா, பாம்பு கடித்தால் எந்த ஊர் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம், எந்தச் செடியைத் தொடக்கூடாது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்டால், "லோக்கல்ல பேசியாச்சு" என்று பதில் வருகிறது.

இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். காசு வாங்கிக்கொண்டு ஒருவரைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறவர், அந்தக் காட்டில் அவருடைய உயிருக்கு என்னென்ன ஆபத்து உண்டு என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லக் கடமைப்பட்டவர். சொல்லத் தெரியாதவருக்கு அழைத்துப் போகும் தகுதி கிடையாது. தெரிந்தும் சொல்லாதவர் குற்றம் செய்கிறார். தனியார் அமைப்பாளர்களுக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவும் இப்போது தானே கட்டணம் பெற்று மலையேற்றம் நடத்தும் தமிழக அரசுக்கும் பொருந்தும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். கோடையின் வாசலில், காய்ந்த போதைப்புல் இடுப்பளவு நிற்கும் சரிவில், அனுமதியற்ற பாதையில் அவர்களை அழைத்துப் போயிருந்தார்கள். நாடே அதிர்ந்தது. விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. அதே ஆண்டில், வனப்பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. விதி வந்து இரண்டு ஆண்டுகூட முடியவில்லை. 2020 ஜனவரியில் கோவை பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்த பாலமலைக் காட்டில் மலையேறப் போன குழுவில் ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. அந்தக் குழுவும் அனுமதி பெறவில்லை என்றே வனத்துறை சொன்னது. 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நின்றிருந்த யானையைக் கடந்துவிடலாம் என்று மோட்டார் சைக்கிளில் போன ஜெர்மானியப் பயணி ஒருவர் அதன் தாக்குதலில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் கூடலூர் ஊசிமலைக் காட்சிமுனைக்கு வந்த கேரள இளைஞர் ஒருவர் தேனீக்கள் கொட்டி உயிரிழந்தார்.

ஒவ்வொரு முறையும் தலைப்புச் செய்தி ஒரே மாதிரிதான் வருகிறது: யானை கொன்றது, தேனீ கொன்றது, தீ கொன்றது. "அனுமதியின்றி நுழைந்தார்கள்" என்று ஒரு வரி எழுதி அதிகாரிகள் கோப்பை மூடுகிறார்கள். யார் அழைத்துப் போனார், என்ன சொல்லி அழைத்துப் போனார், நுழைவாயிலில் யார் தடுத்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் மறுவாரமே மறந்து போகின்றன. யானையும் தேனீயும் தம் இடத்தில் தம் இயல்போடு இருந்தவை. அந்த இயல்பை அறிந்துகொள்ள வேண்டிய கடமை, அங்கே போன மனிதர்களுக்கும் அவர்களை அனுப்பியவர்களுக்கும்தான் இருந்தது.

சொல்லாமல் விடப்படுவது என்ன என்பதைப் பார்ப்போம்.

2024 கணக்கெடுப்பின்படி தமிழகக் காடுகளில் 3,063 யானைகள் இருக்கின்றன. கோவை, நீலகிரி, ஆனைமலை, சத்தியமங்கலம் பக்கம் எந்தக் காட்டுப் பாதையில் நடந்தாலும் அது யானையின் பாதையாகவோ அதைக் குறுக்கே வெட்டும் பாதையாகவோதான் இருக்கும். யானைக்குக் கண்பார்வை மங்கல்; மூக்கு மிகக் கூர்மை. காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் வீசினால் நாம் அதைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அது நம்மை அறிந்துவிடும். விலகிப்போக நேரம் கிடைத்தால் பெரும்பாலும் விலகியே போகும். காற்று எதிர்ப்பக்கம் வீசி, பாதையும் வளைவாக இருந்தால், அதற்கும் நமக்கும் ஒரே நொடியில்தான் தெரியவரும். ஆபத்து அந்த இடத்தில்தான். குட்டியோடு இருக்கும் கூட்டமும், மதம்பிடித்த ஒற்றை ஆணும் அந்த நொடியில் விலகிப்போக யோசிப்பதில்லை. யானையை நேரில் கண்டால் சத்தமில்லாமல், முகத்தை அதன் பக்கமே வைத்தபடி, வந்த வழியே பின்வாங்க வேண்டும். கூச்சல், விசில், ஃபிளாஷ் எதுவும் கூடாது. நகரத்திலிருந்து வரும் குழுவோ முதலில் எடுப்பது செல்போனைத்தான். கூட்டமாகக் கத்திக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடுவது அடுத்தது. ஓட்டத்தில் யானையை வெல்லும் மனிதர் இல்லை என்பதை வேன் கிளம்பும் முன் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இதோடு நம் மலைகளுக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஒரு கேடும் இருக்கிறது: உண்ணிச்செடி. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அயல் செடி. இன்று முதுமலை முதல் சத்தியமங்கலம் வரை காட்டின் அடித்தளத்தையே மூடிக்கிடக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டி, புல்லை அழித்து, பாதையின் இருபுறமும் சுவராக நிற்கிறது. ஐந்தடிக்கு அப்பால் நிற்கும் யானை கண்ணுக்குத் தெரியாது. கரடி பகலில் படுத்திருப்பதும் பெரும்பாலும் இந்தப் புதருக்குள்தான். அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றும் வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் நடக்கும் பாதைகளின் இரு ஓரங்களில் முதலில் அகற்ற வேண்டும் என்ற சாதாரண முன்னுரிமை ஏன் இன்னும் கண்ணில் படவில்லை?

கரடியைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்தகிரி, குன்னூர் பக்கத்து மக்களிடம் கேட்டால் யானையைவிடக் கரடிக்கே அதிகம் பயப்படுவதாகச் சொல்வார்கள். புற்றைத் தோண்டித் தலையை உள்ளே விட்டுக் கறையானை உறிஞ்சும்போது அதற்கு வேறு எதுவும் காதில் விழாது. நாம் சத்தமில்லாமல் அருகே போய்விட்டால், திடுக்கிட்டுத் திரும்பி முகத்தைத்தான் பிடிக்கும். அதனால் கரடிக் காட்டில் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். யானையைக் கண்டபின் பேசவே கூடாது. இரண்டும் ஒரே காட்டில் இருக்கின்றன. எங்கே குரல் கொடுப்பது, எங்கே மூச்சடக்குவது என்பதைப் புதிதாகக் கிடக்கும் லத்தியின் ஈரத்தையும் மரப்பட்டையில் உரசிய சேற்றையும் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் குழுவுக்கு முன்னால் நடக்க வேண்டும். கூகுள் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் அமைப்பாளருக்கு இது தெரிய வழியில்லை.

பாம்பு விஷயத்தில் அறியாமை இன்னும் கொடியது. உலகில் பாம்புக்கடியால் அதிகம் பேர் இறக்கும் நாடு இந்தியா. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் வயலில் வேலை செய்தவர்கள், மலையேறப் போனவர்கள் அல்ல. ஆனால் இரவில் தரையில் படுத்து உறங்கும் எவரும், இருட்டில் வெறுங்காலோடு கூடாரத்தை விட்டு வெளியே வரும் எவரும், அந்த விவசாயக் கூலியின் இடத்தில்தான் இருக்கிறார். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரங்களில் வலியே தெரியாது; பல் பட்ட தடமும் தெளிவாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்; கண் இமை தானாகத் தொங்கும்; நாக்குக் குழறும். "ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை" என்று மாத்திரை கொடுத்து உட்காரவைக்கிறவர் அவருடைய உயிரோடு விளையாடுகிறார். அடைக்கப்படும் கூடாரம், படுக்கும் முன் விரிப்பை உதறுவது, வெளியே வர டார்ச், காலணியைத் தட்டிப் பார்த்துப் போடுவது – இவ்வளவுதான் தேவை. பத்து ரூபாய் செலவில்லாத இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள்.

கடித்த பிறகு நடப்பதோ இன்னும் மோசம். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது என்று சினிமாவில் பார்த்ததை எல்லாம் செய்கிறார்கள். மூன்றும் தீங்கு. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை எலும்பு முறிந்ததுபோல் அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறு முதலுதவி கிடையாது. விஷமுறிவு மருந்து ஒன்றே சிகிச்சை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகத்தான் நம் மருந்து தயாராகிறது. அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர்; அவர்களில் இருவருக்கு, மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும், 2023-ல் பத்மஸ்ரீ வழங்கி நாடு மரியாதை செய்தது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் இலைச் சருகிலும் தாழ்ந்த கிளைகளிலும் அசையாமல் கிடக்கும் குழிவிரியன்களுக்கு அந்த மருந்து வேலை செய்வதில்லை. அங்கே கடிபடாமல் இருப்பதே ஒரே பாதுகாப்பு. கை வைக்கும் கிளையையும் உட்காரும் பாறையையும் பார்த்துவிட்டே தொட வேண்டும் என்று சொல்வதற்கு அமைப்பாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் எத்தனை பேர்?

பாறை முகப்பில் பாய் விரித்ததுபோல் தொங்கும் மலைத்தேனீயின் அடை, காட்டின் பெரிய அழகுகளில் ஒன்று. காட்டுநாயக்கரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக அதில் தேன் எடுக்கிறார்கள். எப்போது போக வேண்டும், எப்படிப் போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு எடுக்கிறார்கள். நம்மவர்கள் செய்வது என்ன? அடைக்குக் கீழே நெருப்பு மூட்டுகிறார்கள், சென்ட் அடித்துக்கொண்டு போய் நிற்கிறார்கள், டிரோனைக் கிட்டே பறக்கவிடுகிறார்கள், வேடிக்கைக்குக் கல்லெறிகிறார்கள். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் படும் வாடையே மற்றவற்றையும் அழைத்துவிடும். கையை வீசி அடிப்பவர் மேலும் பல கொட்டுகளை வாங்குகிறார். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்காமல் ஓடி வெகுதூரம் விலகுவதுதான் வழி. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டும் உயிரைப் பறிக்கலாம். அப்போது தேவை அட்ரினலின் ஊசி. குழுவில் யாருக்கு ஒவ்வாமை என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் புறப்படும் பயணம் நடத்தத் தகுதியற்றது.

அட்டைக்குப் பயப்படுகிற அளவுக்கு உண்ணிக்கு யாரும் பயப்படுவதில்லை. உண்மையில் அட்டையால் கொஞ்சம் ரத்தம் போகும், அரிக்கும், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிகளின் இளம்புழு கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல், கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து ஆளைக் கொல்லும். புல்வெளியிலும் புதரோரத்திலும் உட்கார்ந்து படுத்து எழுந்தவருக்கு ஒன்று இரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல் வரும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருகிய புண் இருக்கும். அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டால் மிக மலிவான டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். பார்க்காவிட்டால் டெங்கு என்றும் டைபாய்டு என்றும் நாள்கள் ஓடும். கர்நாடகத்திலும் வயநாட்டிலும் உண்ணி வழியாகப் பரவும் குரங்குக் காய்ச்சல் இன்னொன்று. 1957-ல் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் அதன் அருகே போகாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். முழுக்கை, முழுக்கால் உடை, சாக்ஸுக்குள் சொருகிய பேன்ட், திரும்பியதும் வெந்நீர்க் குளியல், துணிகளைத் தனியே துவைப்பது – இவற்றோடு, காய்ச்சல் வந்தால் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று மருத்துவரிடம் சொல்வது. அரைக்கால் சட்டை அணிந்து வரலாம் என்று விளம்பரப் படத்திலேயே காட்டுகிற நிறுவனம் இதை எப்படிச் சொல்லும்?

செடிகள் விஷயத்துக்கு வருவோம். விலங்கைப் பற்றியாவது ஒரு பயம் இருக்கிறது. பச்சையாக நிற்பதெல்லாம் சாது என்று நினைக்கிறார்கள். நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செந்தட்டியும் காஞ்சொறியும் தெரியும். பூனைக்காலிக் காயின் பொன்னிறச் சுணை தோலில் பட்டால் என்ன ஆகும் என்று பட்டே தெரிந்துகொண்டிருப்பார்கள். நகரத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை. அது அவர்களுடைய குற்றமல்ல. ஆனால் அழைத்துப் போகிறவருக்குத் தெரியாமல் இருப்பது குற்றம். சுணை பட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பரவும், கண்ணுக்கும் போகும். ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்து எடுத்துவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். வறண்ட மலையடிவாரங்களில் கள்ளியின் பால் கண்ணில் தெறித்தால் பார்வையே மறையலாம். உடனே நிறைய நீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

சேங்கொட்டை மரத்தையும் அதன் உறவு மரங்களையும் காட்டில் வாழ்கிறவர்கள் ஒதுங்கியே கடப்பார்கள். மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள்தான். அவற்றின் பால் பட்ட இடம் அன்றைக்கே ஒன்றும் செய்யாது. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, வீங்கி, கொப்புளித்து நீர் வடியும். அதற்குள் மலையேறியவர் ஊர் திரும்பி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார். எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. இரவு நெருப்புக்காகப் பெயர் தெரியாத விறகை எல்லாம் வெட்டி வந்து எரிக்கும் குழுக்களை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. காட்டுக்குள் நெருப்பு மூட்டுவதே சட்டத்துக்கு விரோதம். குரங்கணிக்குப் பிறகும் 'கேம்ப்ஃபயர் உண்டு' என்று விளம்பரத்தில் போட ஒருவருக்குத் துணிவு வருகிறது என்றால், தண்டனை வராது என்ற உறுதிதான் அந்தத் துணிவைத் தருகிறது.

வாயில் வைப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு, விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று சொல்வது, உயிர் குடிக்கும் நஞ்சு. பார்க்க அழகான குன்றிமணியை மென்றால் அதுவும் நஞ்சு. நீலகிரி, கொடைக்கானல் தோட்டங்களிலிருந்து வெளியேறி வழியோரத்தில் எக்காளம்போல் பூத்துத் தொங்கும் ஊமத்தை உறவுச் செடியும் அப்படியே. இவற்றைவிடப் பெரிய வெட்கம் கொடைக்கானல் காளான். போதைக் காளான் தேடி மழைக்காலத்தில் இளைஞர்கள் மலையேறுகிறார்கள்; அவர்களை அழைத்துப் போகவும், பறித்துக் கொடுக்கவும் ஆள்கள் இருக்கிறார்கள். போதைக் காளானை வைத்திருப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். அதோடு, புல்வெளியில் முளைக்கும் சின்னஞ்சிறு காளான்களில் எது போதை தரும், எது ஈரலை அழிக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் காளான் அறிஞர்களே தயங்குவார்கள். விற்கிறவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. கொடைக்கானல் காவல்துறை அவ்வப்போது சிலரைப் பிடிக்கிறது. அவ்வப்போது போதாது.

இனி அரசைக் கேட்கிறோம். 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியபோது நாம் வரவேற்றோம். 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக, காட்டுத்தீ காலத்தில் பாதைகளுக்குப் பூட்டு. குரங்கணிக்குப் பிறகு எடுத்த சரியான நடவடிக்கை இது. ஆனால் அனுமதிக்கப்பட்ட பாதையில் ஒழுங்கு, அடுத்த மலையில் ஏன் என்று கேட்க ஆளில்லை என்ற நிலையை ஒழுங்குமுறை என்று சொல்ல முடியாது. இந்தப் பாதைகளுக்கு வெளியே ஏற்றிப்போகும் விளம்பரங்கள் எவருக்கும் தெரியாமல் வெளியாகவில்லை. தொலைபேசி எண்ணோடு, தேதியோடு, கட்டணத்தோடு ஊரறிய வெளியாகின்றன. ஒரு வனச்சரகர் அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைத்தால் போதும். சனிக்கிழமை விடியலில் சோதனைச்சாவடியில் ஒரு காவலர் வேனை நிறுத்தினால் போதும். பிடிபட்டவர்களிடம் சிறு அபராதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த அபராதத்தையும் அமைப்பாளர் அடுத்த குழுவின் கட்டணத்தில் சேர்த்துவிடுகிறார்.

வழிகாட்டிகளைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது இன்னும் கூர்மையானது. டாப்ஸ்லிப்பில் காடரும் மலசரும், பழனி மலையில் பளியரும், நீலகிரியில் குறும்பரும் இருளரும், அகத்திய மலையில் காணிகளும் இந்தக் காடுகளைத் தெருவைப் போல அறிந்தவர்கள். இவர்களை மூட்டை தூக்கவும் பாத்திரம் கழுவவும் கூட்டிப்போகும் தனியார் குழுக்கள் உண்டு. "இதற்கு மேல் போக வேண்டாம், வாடை அடிக்கிறது" என்று ஒரு பளியர் சொன்னால், "நாங்க காசு கட்டியிருக்கோம்ணே, உச்சிக்குப் போகாம திரும்ப முடியாது" என்று வாதாடுகிறவர்களைப் பார்க்கிறோம். அன்றைய கூலி அவர்கள் கையிலிருந்து வர வேண்டியிருப்பதால் அந்த மனிதர் வாய்மூடி முன்னே நடக்கிறார். யானை முதலில் தாக்குவதும் முன்னே நடப்பவரைத்தான். திரும்பு என்று வழிகாட்டி சொன்னால் பயணம் அந்த இடத்தோடு முடிந்தது, கட்டணம் திரும்பக் கிடைக்காது, வழிகாட்டிக்கு முழுக்கூலி உண்டு என்பதை முன்பதிவு நிபந்தனையிலேயே எழுத வேண்டும். அரசுத் திட்டத்திலும் தனியார் குழுவிலும் இது ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மிரட்டப்பட்ட விலங்கு அந்த மலையிலேயேதான் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஞாயிறு மாலை வேன் கிளம்பிவிடும். விசிலும் டிரோனும் கலைத்துவிட்ட ஒற்றை யானையைத் திங்கட்கிழமை காலை எதிர்கொள்பவர் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண். பள்ளிக்கூடத்துக்கு ஒற்றையடிப்பாதையில் நடக்கும் பழங்குடிப் பிள்ளை. காட்சிமுனைகளில் பிஸ்கட் கொடுத்துப் பழக்கிய குரங்கு மறுநாள் கடிப்பதும் அவர்களைத்தான். வெறிநாய்க்கடி ஊசிக்கு ஒருநாள் கூலியை விட்டு அலைபவர்களும் அவர்கள்தான். மலையேறுகிறவர்களின் கவனக்குறைவுக்கு மலையில் வாழ்கிறவர்கள் விலை கொடுக்கிறார்கள். இதை நாம் மன்னிக்கத் தயாராக இல்லை.

சுகாதாரத்துறைக்கும் கேள்வி உண்டு. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நிலையாகத் தமிழகம் அறிவித்தது, பாராட்டுகிறோம். எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்பது இதனால் தெரியவரும். ஆனால் மலையடிவாரத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றிரவு விஷமுறிவு மருந்தும், அதைப் போடத் தெரிந்த மருத்துவரும், ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலினும் இருக்கின்றன என்பது பொதுமக்களுக்கு எப்படித் தெரியும்? கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அலைய வைப்பது சிகிச்சையை மறுப்பதற்குச் சமம்.

படம் எடுத்துப் போடுகிறவர்களையும் விட்டுவிட முடியாது. யானைக்கு முன்னால் கும்பிட்டு நிற்பது, அருவி உச்சியில் காலைத் தொங்கவிடுவது, பாம்பைக் கையில் பிடித்துக் காட்டுவது என்று லட்சக்கணக்கானோர் பார்க்கும் ரீல்ஸ் போடுகிறவர்கள், அதைப் பார்த்துப் போய்ச் சாகிறவர்களின் சாவில் தமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. பாதுகாக்கப்பட்ட விலங்கைச் சீண்டுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குற்றத்தைச் செய்தவரே படம்பிடித்துத் தன் பெயரோடு வெளியிடும்போது வழக்குப் பதிய வனத்துறைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? அதேபோல், ஊழியர்களை 'டீம் அவுட்டிங்' என்று அனுமதியற்ற குழுக்களிடம் ஒப்படைக்கும் நிறுவனங்களும், மாணவர்களை அனுப்பும் கல்லூரிகளும் ரசீது கேட்பதற்கு முன் வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இது. மலையேற்றத்துக்குப் பணம் பெறும் ஒவ்வொரு அமைப்பாளரும் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரத்தை வெளியிடுவதே தண்டனைக்குரியதாக வேண்டும். குழுவில் ஒருவராவது பாம்புக்கடி, தேனீக்கொட்டு, ஒவ்வாமை ஆகியவற்றுக்கான முதலுதவிப் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும். கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் அந்தப் பாதையின் ஆபத்துகளைத் தமிழில் அச்சிட்ட தாளாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கர்நாடகம், கேரளம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அவரவர் மொழியில். அனுமதியற்ற குழுவில் உயிர்ப்பலி நேர்ந்தால் நுழைந்தவர்மீது மட்டும் வழக்குப் போட்டு முடிக்காமல், அழைத்துப் போனவர்மீது உயிரிழப்புக்குக் காரணமான அலட்சியத்துக்காக வழக்குத் தொடர வேண்டும். அந்த வேனை அனுமதித்த சோதனைச்சாவடிப் பொறுப்பாளரும் விளக்கம் தர வேண்டும்.

அரசு தன் பங்குக்கு, தான் நடத்தும் 40 பாதைகளுக்கும் தனித்தனியே ஒரு பக்கத் தாள் வெளியிட வேண்டும். எந்த மாதங்களில் யானை நடமாட்டம் அதிகம், கரடியும் காட்டுமாடும் தென்படும் பகுதிகள் எவை, தேனடைகள் உள்ள பாறைகள் எவை, தொடக்கூடாத செடிகளின் படங்கள், பாதையின் எந்தப் புள்ளியிலிருந்து செல்போன் சமிக்ஞை கிடைக்கும், தூக்கிச் செல்ல எவ்வளவு நேரமாகும், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது, அங்கே இரவில் பணியில் இருக்கும் தொலைபேசி எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வனத்துறையும் சுகாதாரத்துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியும் வேலை. வழிகாட்டிகளிடம் கேட்டால் பாதி விவரம் அன்றைக்கே கிடைத்துவிடும். அந்தத் தாள்கள் வெளியாகும் வரை அடுத்த பருவத்துக்கான முன்பதிவை வனத்துறை திறக்கக் கூடாது.